தள்ளாடுவோரின் சாட்சியம்

மனிதன் நிற்கிறான். இதை ஒரு செய்தி என்று எவரும் கருதமாட்டார். ஆயினும் சற்றே எண்ணிப் பார்ப்போம். இரு உள்ளங்கால்களின் சிறு பரப்பின்மேல் ஐந்தடிக்கும் மேற்பட்ட உயரமுடைய உடல் விழாமல் நிமிர்ந்திருக்கிறது. அசையாமல் நிற்பதாக நாம் நினைப்பவர் உண்மையில் ஓயாது சாய்ந்தும், அச்சாய்வைத் திருத்தியும் கொண்டே இருக்கிறார். இப்பணி ஒழுங்காக நடைபெறும்வரை அது நடைபெறுவதே நமக்குத் தெரிவதில்லை.

தமிழில் நிலை என்னும் சொல் உடல் நிற்பதையும் குறிக்கிறது. ஒருவரின் மதிப்பையும் குறிக்கிறது. ஒருவர் நிலைகுலைந்தார் என்று சொல்லும்போது இவ்விரண்டில் எதைச் சொல்கிறோம் என்பது பல வேளைகளில் நமக்கே தெளிவாக இருப்பதில்லை. தெருவில் தள்ளாடுபவரைக் கண்டவுடன், அவருடைய உடல்நலத்தைப் பற்றி அன்று, ஒழுக்கத்தைப் பற்றியே நம் மனம் முதலில் தீர்ப்பிடுகிறது.

இங்கேதான் நாம் ஆராய விரும்பும் வினா எழுகிறது. ஒருவர், "நிலம் சுழல்கிறது, நிற்க முடியவில்லை" என்கிறார். நமக்கு நிலம் சுழலவில்லை. அவர் உடலில் காயம் இல்லை, வீக்கம் இல்லை, காய்ச்சலும் இல்லை. அவருடைய சொல் ஒன்றே நம்மிடம் இருக்கிறது. அச்சொல்லை எதன் அடிப்படையில் ஏற்பது? அதைச் சோதித்துப் பார்ப்பது அவருக்குச் செய்யும் நீதியா, அவமதிப்பா?

மூன்று சாட்சிகள்

உடலின் சமநிலையைப் பற்றி மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து செய்தி வருகிறது. முதலாவது கண்கள். இரண்டாவது உள்ளங்கால்களும் மூட்டுகளும் தசைகளும். மூன்றாவது, நம்மில் பலர் அறியாத ஓர் உறுப்பு. அது செவியின் உட்புறத்தில், கபாலத்தின் மிகக் கெட்டியான எலும்புக்குள் மறைந்திருக்கிறது. கேட்பதற்கென்றே செவி படைக்கப்பட்டது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதே செவிக்குள் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சிறு பைகளும் உள்ளன. தலை திரும்பும்போது குழாய்களில் உள்ள நீர்மம் அசைந்து அத்திருப்பத்தை அறிவிக்கிறது. பைகளில் சுண்ணாம்புச் சத்தாலான மிக நுண்ணிய படிகங்கள் உள்ளன. மேல் எது, கீழ் எது என்பதை அவை உணர்த்துகின்றன. இச்செய்திகள் நரம்பின் வழியாக மூளைத்தண்டை அடைந்து, அங்கிருந்து ஒரு பாதையில் கண் தசைகளுக்கும், மற்றொரு பாதையில் கழுத்துக்கும் முதுகுத்தண்டுக்கும் செல்கின்றன. தலையை ஆட்டிக்கொண்டே நாம் புத்தகம் படித்தாலும் எழுத்துகள் மங்காதிருப்பது இப்பாதையின் உழைப்பினாலேயாகும்.

மூவரில் ஒருவர் தளர்ந்தால் மற்ற இருவர் ஈடுசெய்வர். ஆகவே குறை வெளியே தெரியாது. பெர்லின் நகர மருத்துவர் ரோம்பெர்க் 1840களில் வெளியிட்ட நூலில் விவரித்த எளிய சோதனையின் அடிப்படை இதுவே. பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, கண்களை மூடச் சொல்கிறார். கண்கள் தந்துகொண்டிருந்த துணை விலகியவுடன், மறைந்திருந்த தளர்ச்சி தள்ளாட்டமாக வெளிப்படுகிறது. பகலில் நன்றாக நடந்தவர் இருட்டில் விழுவதன் காரணமும் இதுவே.

காணாத காயம்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயைப் பாரிஸ் நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்கோ என்னும் மருத்துவர் 1868ஆம் ஆண்டில் தெளிவாக விவரித்தார். நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு உறை உள்ளது. மின்கம்பியைச் சுற்றியுள்ள உறையைப் போன்றது அது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு ஆற்றலே திசைமாறி இவ்வுறையைத் தாக்குவதால் மூளையிலும் முதுகுத்தண்டிலும் ஆங்காங்கே தழும்புகள் உண்டாகின்றன. உறை தேய்ந்த நரம்பில் செய்தி தாமதமாகச் செல்கிறது. சில வேளைகளில் நின்றே போகிறது. உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என்று 2020ஆம் ஆண்டில் மதிப்பிடப்பட்டது. வட ஐரோப்பிய நாடுகளோடு ஒப்பிட நம் நாட்டில் இது அரிது. அரிது என்பதாலேயே அறியப்படாமலும் போகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது; ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ இருமடங்கோ அதற்கு மேலோ தாக்குகிறது.

தழும்பு மூளைத்தண்டிலோ சிறுமூளையிலோ ஏற்பட்டால் சமநிலையின் பாதை தடைப்படுகிறது. உட்செவி தன் பணியைச் சரியாகவே செய்கிறது. செய்திதான் காலம் கடந்து வந்து சேர்கிறது. நிற்பதற்கு, தாமதமான செய்தி பொய்யான செய்திக்குச் சமம்.

இளம் வயது, முகத்தில் நோயின் சாயல் இல்லை, நேற்று நடந்தவர் இன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். போதாக்குறைக்கு இன்னொன்றும் உண்டு. உடலின் வெப்பம் சிறிது கூடினாலும் உறையிழந்த நரம்பு மேலும் தளர்கிறது. ஊட்ஹாஃப் என்னும் கண் மருத்துவர் 1890ஆம் ஆண்டில் இதைக் குறித்துவைத்தார். ஆகவே காலையில் சந்தைக்குப் போய் வந்தவர் நண்பகல் வெயிலில் நான்கடி வைக்க இயலாமல் உட்கார்ந்துவிடுவார். நிழலில் இளைப்பாறியபின் மீண்டும் எழுந்து நடப்பார். பார்ப்பவர் என்ன சொல்வர்? "வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்" என்பர். "எல்லாம் மனப்பிரமை" என்பர். ஆணாக இருந்தால் குடித்திருக்கிறான் என்று முடிவுகட்டுவர்.

இத்தகைய தீர்ப்பு பழமையானது. சீலோவிலே அன்னா, உதடுகள் மட்டும் அசைய, குரல் எழாமல் மன்றாடியபோது, குரு ஏலி அவரைக் குடிவெறியில் இருப்பவர் என்று எண்ணினார். ஏலி தீயவரல்லர். அவர் கண்டது உண்மை. கொண்ட முடிவு பொய். அன்னா தம் துயரத்தை எடுத்துரைத்ததும், ஏலி தம் முடிவையே பற்றிக்கொண்டிராமல், அவருக்கு ஆசி கூறி அனுப்பினார். கண்ணால் கண்டது போதாது, பாதிக்கப்பட்டவரின் வாயாலும் கேட்க வேண்டும் என்பதை அந்த முதியவர் அந்த ஒரு நொடியில் கற்றுக்கொண்டார்.

முறையீட்டில் பிறந்த சோதனை

இனி சோதனைக்கு வருவோம். பிணியாளரின் சொல் ஒருபுறம், மருத்துவரின் கருவி மறுபுறம் என்று இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது நமக்குப் பழகிப்போயிற்று. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா நகரில் ராபர்ட் பாரானி என்னும் இளம் மருத்துவர் செவிநோய்ப் பிரிவில் பணியாற்றினார். காதில் நீரைப் பீய்ச்சிக் கழுவும்போது சிலர் தலைசுற்றல் என்று முறையிட்டனர். அவர்களுடைய கண்களைப் பார்த்தார். விழிகள் தாமாகவே ஒருபுறம் துடித்துக்கொண்டிருந்தன. நீர் போதிய சூடாக இல்லாதபோதுதான் தமக்குத் தலை சுற்றுகிறது என்று ஒரு பிணியாளர் கூறினார். நீரை இன்னும் சூடாக்கச் சொன்னார் பாரானி. இப்போது சூடு மிகுந்துவிட்டது, மீண்டும் தலைசுற்றல். ஆனால் இம்முறை விழிகள் எதிர்த்திசையில் துடித்தன. குளிர்ந்த நீரும் வெந்நீரும் உட்செவியின் நீர்மத்தை எதிரெதிராக நகர்த்துகின்றன என்பது அவருக்கு விளங்கிற்று. ஒரு பக்கத்து உட்செவியை மட்டும் தனியே சோதிக்க வழி பிறந்தது. இதற்காக அவருக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார், 1916இல் விடுவிக்கப்பட்டார்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டியது ஒன்று. முறையிட்டவரைப் பார்த்து, "காது கழுவினால் அப்படித்தான் இருக்கும், சும்மா இரும்" என்று அவர் சொல்லியிருக்கலாம். நீரின் சூட்டைப் பற்றிய பேச்சை நோயாளியின் முணுமுணுப்பு என்று தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. அவர்கள் சொன்னது உண்மையாக இருக்கும் என்று கொண்டார். அதனால் அது ஏன் உண்மை என்று தேடினார். சமநிலைச் சோதனைகளில் புகழ்பெற்ற இச்சோதனை ஐயத்திலிருந்து பிறக்கவில்லை, நம்பிக்கையிலிருந்து பிறந்தது.

பின்னர் 1942இல் இங்கிலாந்தின் இரு மருத்துவர்கள், நீரின் சூட்டை உடலின் வெப்பத்துக்கு 7 பாகை குறைவாக 30 பாகை என்றும், 7 பாகை மிகுதியாக 44 பாகை என்றும் வகுத்து இச்சோதனையை ஒழுங்குபடுத்தினர். 1992ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து இன்னொரு முறை அறிவிக்கப்பட்டது. செவியில் உரத்த சொடுக்கொலி எழுப்பப்படுகிறது. கழுத்துத் தசையின்மேல் ஒட்டப்பட்ட மின்முனைகள் அத்தசையின் மறுமொழியைப் பதிவு செய்கின்றன. உட்செவியின் சிறு பையில் தொடங்கி, நரம்பு, மூளைத்தண்டு வழியாகக் கழுத்தை அடையும் முழுப் பாதையும் இதனால் அறியப்படுகிறது. நலமுள்ளவரிடம் முதல் அலை ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஏறத்தாழ 13 பங்கு நேரத்தில் தோன்றுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உடையோர் பலரிடம் அது பிந்தி வருகிறது அல்லது வராமலே போகிறது. நோயை உறுதிசெய்வதில் மூளையின் காந்தப் படமே இன்று முதன்மையானது. எனினும் பாதை எங்கே தளர்ந்தது என்பதற்கு இச்சோதனைகள் துணைச் சான்று தருகின்றன. நொடியில் ஆயிரத்தில் சில பங்கு தாமதம்! "நடிக்கிறாள்" என்று ஊர் சொன்னதற்கு மறுப்பு அத்தாமதத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

பொருளும் ஆளும்

ஆனால் இங்கே மகிழ்ந்து நின்றுவிடுவதற்கில்லை. கருவி சொன்னபின்தான் நம்புவோம் என்றால், கருவி ஒன்றும் சொல்லாதவரை என்ன செய்வோம்? சோதனை முடிவு சரியாக இருந்தும் தலைசுற்றலால் துன்புறுவோர் உள்ளனர். முடிவில் கோளாறு தெரிந்தும் யாதொரு துன்பமும் உணராதோரும் உள்ளனர். செய்தி செல்லும் நேரத்தை அளக்கிறது கருவி. அதனால் ஒருவர் படும் பாட்டை அது அளப்பதில்லை. படுக்கையிலிருந்து எழ அஞ்சும் அச்சத்துக்கு மின்முனை கிடையாது.

புனித தாமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் பெருநூலில், நீதியைப் பற்றிய பகுதியில், இதற்கு உதவும் வேறுபாடு ஒன்றைக் காட்டுகிறார். பொருள்களைப் பற்றித் தீர்ப்பிடுதல் வேறு, மனிதரைப் பற்றித் தீர்ப்பிடுதல் வேறு என்கிறார். பொருளைத் தீர்க்கும்போது அது உள்ளவாறே தீர்க்க வேண்டும். நல்லதாகக் கருதுவதாலோ தீயதாகக் கருதுவதாலோ பொருளுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மனிதரைத் தீர்க்கும்போதோ, தெளிவான சான்று எதிராக இல்லாதவரை, அவருக்குச் சாதகமாகவே கொள்ள வேண்டும். ஏனெனில் தவறான தீர்ப்பால் அங்கே ஒருவர் அவமதிக்கப்படுகிறார்.

மனிதர் பொய் சொல்வதில்லையா என்று கேட்கலாம். சொல்வதுண்டு. அதற்கும் அவரே விடை தருகிறார். தீயவரை நல்லவரென்று எண்ணிப் பலமுறை ஏமாறினாலும் தாழ்வில்லை. நல்லவரைத் தீயவரென்று எண்ணி அரிதாகத் தவறினாலும் அது அநீதி என்பது அவர் கருத்து. முன்னதில் ஏமாந்தவருக்கே இழப்பு. பின்னதில் பிறருக்குக் கேடு.

இவ்வேறுபாட்டை நம் வினாவுக்குப் பொருத்திப் பார்ப்போம். நரம்பு ஒரு பொருள். அதை உள்ளவாறே அறிய வேண்டும். அங்கே இரக்கத்துக்கோ நயத்துக்கோ இடமில்லை, துல்லியமே அறம். தள்ளாடுபவரோ ஓர் ஆள். அவருடைய சொல்லைச் சாதகமாகவே ஏற்க வேண்டும். அது கருவியின் முடிவுக்குக் காத்திராத கடமை. சோதிக்கப்படுவது பாதை, ஆள் அல்லர். இது மயங்கும்போது சோதனை விசாரணையாகிவிடுகிறது.

ஸ்கீடாமில் நடந்தது

ஹாலந்து நாட்டின் ஸ்கீடாம் ஊரில் 1380இல் பிறந்தவர் புனித லிட்வினா. பதினைந்து வயதளவில், குளிர்காலத்தில், பனிக்கட்டிமேல் சறுக்கி விளையாடும்போது விழுந்து விலா எலும்பு முறிந்தது. அதன்பின் உடல்நலம் தேறவில்லை. வீட்டுப் பொருள்களைப் பற்றிக்கொண்டு நகர்ந்தவர் படிப்படியாகப் படுக்கையில் வீழ்ந்தார், ஒரு கண்ணின் பார்வை போயிற்று, 1433இல் இறந்தார். அவருடைய நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆக இருக்கலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் மருத்துவ அறிஞர் சிலர் கருத்துத் தெரிவித்தனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய நோயை உறுதிசெய்ய இயலாது. ஆயினும் அக்கருத்து கவனத்துக்குரியது.

லிட்வினாவின் வரலாற்றை எழுதியோர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். அவ்வூர்ப் பங்குக்குரு அவரை நம்பவில்லை. சோதித்துப் பார்க்க எண்ணி, நற்கருணை என்று சொல்லி, அர்ச்சிக்கப்படாத அப்பத்தைக் கொடுத்தாராம். லிட்வினா அதை அறிந்துகொண்டார் என்பதை எழுதியோர் வியந்து கூறுகின்றனர். நமக்கோ வியப்பைவிட வேதனையே மிகுகிறது. படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு பெண்ணுக்கு இருந்த ஒரே ஆறுதலைக் கண்ணியாக்கி விரித்தார் ஒரு குரு. அவர் சோதித்தது எதையும் அறிவதற்கன்று, அவரைப் பிடிப்பதற்கு. சோதனையில் லிட்வினா வென்றதால் அச்செயல் நியாயமாகிவிடாது. தோற்றிருந்தாலும் அவர் நோயாளியே.

நேரிய சோதனையின் மூன்று நெறிகள்

இவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, சோதனை நம்பிக்கையிலிருந்து தொடங்க வேண்டும். "உமக்கு உண்மையிலேயே தலை சுற்றுகிறதா?" என்பது ஒரு வினா. "உமக்கு ஏன் தலை சுற்றுகிறது?" என்பது வேறு வினா. இரண்டுக்கும் ஒரே கருவிதான். ஆனால் படுத்திருப்பவருக்கு வேறுபாடு நன்கு தெரியும். நம் மக்கள் தலைசுற்றல் என்றும், மயக்கம் என்றும், கிறுகிறுப்பு என்றும் சொல்வன எல்லாம் ஒன்றல்ல. அறையே சுழல்வது ஒன்று, கண் இருட்டுவது ஒன்று, கால் நிலை கொள்ளாதது ஒன்று. பொறுமையாகக் கேட்டால் பாதிச் சோதனை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, அறிவதற்காக வருத்தும்போது அளவு வேண்டும். செவியில் நீர் விடும் சோதனை தலைசுற்றலை அறிவதற்குத் தலைசுற்றலையே உண்டாக்குகிறது. ஓரிரு நிமிடங்களில் தணிந்துவிடும் எனினும், முன்னதாகச் சொல்லி, சம்மதம் பெற்று, அருகில் நின்று செய்ய வேண்டியது அது. ஒரு காலத்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளதா என்று அறியப் பிணியாளரை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி, தளர்ச்சி கூடுகிறதா என்று பார்த்தனர். சூடு தணிந்தபின் தளர்ச்சி நீங்கிவிடும் என்று எண்ணினர். சிலருக்கு அது நீங்காமல் நிலைத்துவிட்டது. நல்ல மாற்று முறைகள் வந்தபின் அச்சோதனை கைவிடப்பட்டது. அறிவு நன்மையே, ஆனால் பிறர் உடலைச் செலவிட்டு நாம் பெறும் அறிவுக்கு வரம்பு உண்டு.

மூன்றாவது, சோதனை கடமையில் முடிய வேண்டும். இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உட்செவிப் பையின் நுண்படிகங்கள் சில வேளைகளில் பிரிந்து அரைவட்டக் குழாய்க்குள் புகுந்துவிடும். படுக்கையில் புரளும்போது அறையே சுழலும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். எவருக்கும் வரக்கூடிய இக்கோளாறு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உடையோருக்கும் அடிக்கடி வருகிறது. அப்போது, "உமக்குத்தான் அந்தப் பெருநோய் இருக்கிறதே, அதனால்தான்" என்று சொல்லி விட்டுவிடுவது எளிது. முறையாகச் சோதித்தால், படிகங்களே காரணம் என்று தெரியவரும். தலையைக் குறித்த வரிசையில் திருப்பி வைக்கும் பயிற்சியால் பெரும்பாலும் அதைச் சில நிமிடங்களில் நீக்கலாம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கட்டிலும் பயிற்சி பெற்ற இரு கைகளும் போதும். நோயின் பெயரை அறிந்துகொண்டபின் ஆளைப் பார்ப்பதை நிறுத்திவிடுவதும் ஒரு வகை அவநம்பிக்கையே.

நம் வாயிற்படிகளில்

இவை மருத்துவர்களுக்குரியவை என்று ஒதுங்கிவிட வேண்டாம். நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் கருவி இல்லாமலே பிறரைச் சோதித்துக்கொண்டிருக்கிறோம். நற்செய்தி வாசிக்கையில் எல்லாரும் எழுந்து நிற்க, ஓர் இளம்பெண் மட்டும் உட்கார்ந்திருந்தால் நம் பார்வை எங்கே செல்கிறது? சித்திரை வெயிலில் தேர்ப்பவனியில் பாதி வழியில் திரும்பிவிடும் இளைஞரைப் பற்றி அன்பியக் கூட்டத்தில் என்ன பேசுகிறோம்? நற்கருணை பெற வரும் வழியில் பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு வருபவருக்கு வழிவிடுகிறோமா, விலகி மூக்கைச் சுளிக்கிறோமா? இருட்டில் நிலை தவறுவோர் நம்மிடையே உண்டு என்று அறிந்த பங்கு, கோயில் படிகளில் ஒரு விளக்கும் ஒரு கைப்பிடியும் வைக்கும். அதற்கு எவருடைய மருத்துவச் சான்றிதழையும் கேட்கத் தேவையில்லை.

பிறருடைய தலைசுற்றலை நாம் ஒருபோதும் உணரப்போவதில்லை. அவருக்குள் நுழைந்து பார்க்க நமக்கு வழியில்லை. இது மனித வாழ்வின் எல்லை. அவ்வெல்லையைக் கடக்க நமக்குத் தரப்பட்டுள்ள வழி அவருடைய சொல். அச்சொல்லை ஏற்கும் நம் மனம். கருவி அதற்குத் துணை செய்யலாம்; அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது.

ஆகவே நம்மிடம் ஒருவர் தலை சுற்றுகிறது என்று சொல்லும்போது, முதலில் கையை நீட்டுவோம். பின்னர், எப்படிச் சுற்றுகிறது என்று அமர்ந்து கேட்போம். அதன்பின் சோதனைக்கு அழைத்துச் செல்வோம். இவ்வரிசை மாறாதிருக்கட்டும்.